ஃபிளைவீல்: ஸ்போர்ட்ஸ் காருக்கு எடை குறைந்த சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஃபிளைவீல் என்பது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் பொருத்தப்படும் கனமான வட்டச் சக்கரம். எஞ்சின் விட்டுவிட்டுத் தரும் ஆற்றலைச் சேமித்து வைத்து, சுழற்சியைச் சீராக்குவது இதன் முதன்மைப் பணி. கார்களில் இதே சக்கரம் இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இதன் முகத்தில்தான் கிளட்ச் தட்டு வந்து அழுந்துகிறது. இதன் விளிம்பில் உள்ள பல்வளையத்தில்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் கடித்து எஞ்சினைக் கிளப்புகிறது. கார் நிறுவனம் பொருத்தித் தரும் ஃபிளைவீலைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் எடை குறைந்த ஒன்றைப் பொருத்துவது ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்களிடையே பரவலான வழக்கம். இந்த மாற்றம் எதைத் தரும், எதைத் தராது, எங்கே உயிருக்கே ஆபத்தாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வயலில் ஓடும் ஃபிளைவீல்

ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்திராதவர்கள்கூட ஃபிளைவீலைப் பார்த்திருப்பார்கள். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் உள்ள ஊர் குத்தாலம். இதைச் சுற்றியுள்ள வயல்களில், மேட்டூர் தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றியது ஃபில்டர் பாயிண்ட் குழாயும் ஆயில் எஞ்சினும்தான். இலவச மின்சார மோட்டார்கள் வந்தபின் ஆயில் எஞ்சின்கள் குறைந்துவிட்டன. ஆனாலும் மின் இணைப்புக்குக் காத்திருக்கும் வயல்களில் அவை இன்றும் ஓடுகின்றன. அந்த எஞ்சினின் பக்கத்தில் சுழலும் பெரிய இரும்புச் சக்கரம் ஒரு ஃபிளைவீல்தான்.

அதைக் கிளப்பும் முறையே ஒரு பாடம். முதலில் டீகம்ப்ரஷன் நெம்புகோலைத் தூக்கி, சிலிண்டருக்குள் அழுத்தம் சேராதபடி வைப்பார்கள். பிறகு கைப்பிடியைப் போட்டுச் சுற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்புகோலை விடுவார்கள். மனிதக் கை நேரடியாக டீசல் எஞ்சினின் அழுத்தத்தை வெல்ல முடியாது. சில நொடிகள் சுற்றிச் சக்கரத்தில் சேர்த்து வைத்த ஆற்றல்தான் பிஸ்டனை அழுத்த வீச்சைத் தாண்டித் தள்ளுகிறது.

கிளம்பிய பிறகும் அதற்கு ஓய்வில்லை. நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அழுத்தம், எரிதல், வெளியேற்றம் என நான்கு வீச்சுகளுக்கு இரண்டு சுற்றுகள் ஆகும். அவற்றில் ஒரே ஒரு வீச்சு மட்டுமே ஆற்றல் தருகிறது. மற்ற மூன்றும் செலவு. ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுகள் ஓடினால், நொடிக்கு ஐந்தரைக்கும் சற்றுக் குறைவான வெடிப்புகளே நிகழும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எஞ்சினைச் சுழல வைப்பது முழுக்க ஃபிளைவீல்தான். ஆகவே அது கனமாக இருந்தே ஆகவேண்டும். வரவு ஒரு நாளும் செலவு மூன்று நாளுமாக நடக்கும் வீட்டில் பத்தாயத்தில் நெல் இருந்தாக வேண்டும் அல்லவா, அதுபோல.

நான்கு சிலிண்டர் கார் எஞ்சினில் கணக்கு மாறுகிறது. அங்கே அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிறுத்தத்தில் 800 சுற்றுகளில் ஓடும்போதே நொடிக்கு ஏறத்தாழ 27 வெடிப்புகள். 6000 சுற்றுகளில் நொடிக்கு 200. வெடிப்புகள் நெருங்க நெருங்க இடைவெளியை நிரப்பவேண்டிய தேவை குறைகிறது. வேகம் கூடிய நிலையில் கனமான ஃபிளைவீல் தேவைக்கு மிஞ்சிய சுமையாகிறது. எடை குறைந்த ஃபிளைவீல் என்னும் எண்ணம் பிறப்பது இங்கேதான். ஆனால் சாலைக் கார் பாதி நேரம் குறைந்த சுற்றுகளிலேயே ஓடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

சுழலும் பொருளின் கனம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் குத்தாலத்தை அடுத்த மருத்தூரிலேயே இன்னொரு சான்று உள்ளது. அங்குள்ள மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையம் போன்ற நிலையங்களில் சுழலும் டர்பைன், ஜெனரேட்டர் அச்சுகளின் நிலைமம்தான் மின்தொகுப்பின் அதிர்வெண் சட்டென விழாமல் தாங்குகிறது. அங்கே எடையைக் குறைக்க யாரும் விரும்புவதில்லை.

எடை வேறு, நிலைமம் வேறு

விளம்பரங்களில் ஃபிளைவீலின் எடை மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது அதுவன்று. சுழலும் பொருளைப் பொறுத்தவரை, நிறை அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் நிலைமத் திருப்புத்திறன் இதுதான். ஒவ்வொரு துகளின் நிறையையும் அது அச்சிலிருந்து உள்ள தொலைவின் இருமடியால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது. சீரான தட்டுக்கு இது நிறை × ஆரத்தின் இருமடி ÷ 2.

விளிம்பில், அச்சிலிருந்து 14 செ.மீ. தொலைவில், ஒரு கிலோ இரும்பைக் குறைத்தால் கிடைக்கும் பலன், நடுவில் 5 செ.மீ. தொலைவில் அதே ஒரு கிலோவைக் குறைத்தால் கிடைப்பதைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. எனவே இரண்டு ஃபிளைவீல்கள் ஒரே எடையில் இருந்தும் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளக்கூடும். மண்பாண்டம் வனைவோரின் திரிகையில் விளிம்பை வேண்டுமென்றே கனமாக வைத்திருப்பது இதே விதியின் மறுபக்கம். ஒருமுறை கோலால் சுற்றிவிட்டால் பானை வனைந்து முடியும்வரை அது நிற்கக் கூடாது.

எண்களோடு பார்த்தால் தெளியும். 8 கிலோ எடையும் 14 செ.மீ. ஆரமும் உள்ள ஒரு ஃபிளைவீலைச் சீரான தட்டாகக் கொள்வோம். அதன் நிலைமத் திருப்புத்திறன் சுமார் 0.078 கிலோ·மீட்டர்². அதே ஆரத்தில் 4.5 கிலோ சக்கரத்துக்கு 0.044. வேறுபாடு 0.034. இந்தச் சிறிய எண்ணைத்தான் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். அது காரில் என்ன செய்கிறது என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

கியருக்குக் கியர் மாறும் பலன்

கார் முடுக்கம் பெறும்போது எஞ்சின் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காரை முன்னே தள்ளுகிறது. கூடவே தன் சுழலும் உறுப்புகளையும் வேகப்படுத்துகிறது. இந்த இரண்டாம் வேலையை ‘காரில் ஏற்றிய கூடுதல் சுமை’ எனக் கணக்கிட்டுக் காட்டலாம். நிலைமத் திருப்புத்திறனை மொத்தக் கியர் விகிதத்தின் இருமடியால் பெருக்கி, டயர் ஆரத்தின் இருமடியால் வகுத்தால் அந்தச் சுமை கிடைக்கும்.

முதல் கியர் விகிதம் 3.5, இறுதி விகிதம் 4.2, டயர் ஆரம் 29 செ.மீ. என வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 0.034 வேறுபாடு, முதல் கியரில் காரிலிருந்து ஏறத்தாழ 88 கிலோ சுமையை இறக்கியதற்குச் சமம். பின்னிருக்கையிலிருந்து ஓர் ஆள் இறங்கியதுபோல. இரண்டாம் கியரின் விகிதம் 2.0 என்றால் 29 கிலோ. மூன்றாம் கியரில் 1.35 என்றால் 13 கிலோ. 0.8 விகிதமுள்ள ஐந்தாம் கியரில் 5 கிலோகூட இல்லை.

இந்த வரிசையிலேயே விடை உள்ளது. நான்கு வழிச்சாலையில் ஐந்தாம் கியரில் செல்பவருக்கு எடை குறைந்த ஃபிளைவீலால் எந்தப் பயனும் இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் மாறிமாறி ஏறுபவருக்கு வேறுபாடு கையிலும் காலிலும் தெரியும். பந்தயத் தடத்தில் அது நொடிப் பின்னங்களாகத் தெரியும். டெல்டாவிலோ மேடே கிடையாது. ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலத்தின் ஏறுமுகமும்தான் ஏற்றம்.

முடுக்கத்தைவிட ஓட்டுநர்கள் அதிகம் விரும்புவது கியர் மாற்றும்போது கிடைக்கும் சுறுசுறுப்பை. கிளட்சை மிதித்ததும் எஞ்சின் தனித்து ஓடுகிறது. அப்போது அதன் வேகத்தை நிர்ணயிப்பது அதன் சொந்த நிலைமமே. எடை குறைந்த சக்கரம் உள்ள எஞ்சின் ஆக்சிலரேட்டரைத் தொட்டவுடன் எகிறும், விட்டவுடன் இறங்கும். கீழ்க் கியருக்கு மாறும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றுகளைப் பொருத்துபவர்களுக்கு இது வசதி. ஆனால் மேல் கியருக்கு மெதுவாக மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு எதிர்மாறு. அவர் கிளட்சை விடுவதற்குள் எஞ்சின் தேவைக்குக் கீழே விழுந்துவிடும், கார் குலுங்கும்.

குதிரைத்திறன் கூடுமா?

கூடாது. எஞ்சினுக்குள் எரியும் எரிபொருள் அதேதான். சீரான வேகத்தில் கிடைக்கும் திருப்பு விசையும் அதேதான். எனினும் டைனோ சோதனையில் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கூடியதாகத் தாள் வருவது உண்டு. உருளைகளை வேகப்படுத்தி அளக்கும் வகை டைனோவில் இது இயல்பு. எஞ்சின் சுற்று நொடிக்கு 500 வீதம் ஏறும்போது, மேலே சொன்ன நிலைம வேறுபாடு சுமார் 1.8 நியூட்டன்மீட்டர் திருப்பு விசையை விடுவிக்கிறது. 6000 சுற்றுகளில் அது ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது ஒன்றரைக் குதிரைத்திறன். முடுக்கம் நின்றதும் அதுவும் மறைந்துவிடும். இதைக் காட்டி விற்பவரிடம் எச்சரிக்கை தேவை.

இழப்புகள்

நின்ற இடத்திலிருந்து காரை நகர்த்தும்போது ஓட்டுநர் தெரிந்தோ தெரியாமலோ ஃபிளைவீலிடம் கடன் வாங்குகிறார். எஞ்சின் 1200 சுற்றுகளிலிருந்து 800க்கு இறங்கும்போது 8 கிலோ சக்கரம் 344 ஜூல் ஆற்றலைக் கொடுக்கும். 4.5 கிலோ சக்கரம் 193 ஜூல்தான் தரும். ஆயிரம் கிலோ காரை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 500 ஜூல் தேவை என்பதை நினைத்தால் இந்தக் கடனின் பெருமை விளங்கும். கடன் குறையும்போது கூடுதல் ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை நழுவவிட்டுத்தான் கிளம்பவேண்டும். சென்னை நெரிசலிலும், வேகத்தடைகள் நிறைந்த ஊர்ச் சாலைகளிலும் இது நாள் முழுக்க நடக்கும். எஞ்சின் அடிக்கடி நின்றுபோகும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும்.

நிறுத்தத்தில் எஞ்சின் ஓடும் சீர்மை குறைவது அடுத்த இழப்பு. வெடிப்புக்கு வெடிப்பு வேகம் ஏறி இறங்கும் அளவு, நிலைமம் குறையும் விகிதத்தில் கூடுகிறது. இந்த நடுக்கம் கியர் பெட்டிக்குள் சென்று, சுமையில்லாமல் சுழலும் பற்சக்கரங்களைக் கடகடவென்று தட்டச் செய்யும். ஏ.சி. கம்ப்ரஸர் சேரும்போது எஞ்சின் ஒருமுறை குனிந்து நிமிரும். மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் வெடிப்புகளுக்கு இடையே 240 பாகை இடைவெளி இருப்பதால் இந்தக் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இந்தியாவில் இன்று விற்கும் சிறு கார்களில் பல மூன்று சிலிண்டர் வகை என்பதையும் கவனிக்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 கார்களில் மற்றொரு சிக்கல் சேர்ந்தது. ஏதேனும் ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறதா என்பதைக் கணினி, கிராங்க் ஷாஃப்ட்டின் நுண்ணிய வேக மாறுபாடுகளை வைத்தே கண்டறிகிறது. நிலைமம் குறைந்து மாறுபாடு கூடினால், எரிதல் சரியாக நடந்தும் தவறுவதாக எண்ணி எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். அந்த விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், உண்மையான கோளாறு வரும் நாளில் யாரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள்.

தமிழ்நாட்டின் பந்தயத் தடங்கள்

கார்ப் பந்தயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. அவற்றை நடத்திய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாதாரண சாலைக் கார்களையே திருத்தி ஓட்டிய காலம் அது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் பந்தய உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கவில்லை. இருந்ததை லேத்தில் கடைந்தும் இழைத்தும்தான் வேகம் தேட வேண்டியிருந்தது.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயத்துக்கு வர அது வழிவகுத்தது. 1995இல் மறைந்த அவர் பெயரிலேயே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அழைக்கப்படுகிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இரண்டாமவரான கருண் சந்தோக் சென்னைக்காரர். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளிலேயே இரவுப் பந்தயம் நடந்தது.

இந்தத் தடங்களில் பந்தயம் ஓட விரும்பும் மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. எல்லோரும் ஒரே வகைக் காரை ஓட்டும் பிரிவுகளில் எஞ்சினின் உள்ளுறுப்புகளை மாற்றுவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஃபிளைவீல் எடையும் இதில் அடங்கும். திருத்திய கார்களுக்கான பிரிவுகளில்தான் அதற்கு இடம் உண்டு. விதிநூலைப் படிக்காமல் ஃபிளைவீல் வாங்குவது, தேர்வுப் பாடத்திட்டத்தைப் பார்க்காமல் நோட்ஸ் வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஃபார்முலா ஒன் கார்களில் நிலைமத்தைக் குறைக்கும் முயற்சி உச்சத்தை அடைந்திருக்கிறது. அவற்றின் கிளட்ச் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே. அதற்கு விலையாக அந்த எஞ்சின்கள் நிறுத்தத்திலேயே பல ஆயிரம் சுற்றுகள் ஓடவேண்டியிருக்கிறது.

எந்தப் பொருளில் செய்தது?

நிறுவனம் பொருத்தித் தரும் ஃபிளைவீல் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனது. விலை குறைவு, அதிர்வை உள்வாங்கும், கிளட்ச் தட்டோடு நன்கு உரசும். இழுவிசையைத் தாங்குவதில் மட்டும் பலவீனமானது.

மாற்றுச் சக்கரங்களில் முதல் வகை, எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. குரோம்-மாலிப்டினம் கலந்த எஃகே இதில் பெயர் பெற்றது. வார்ப்பிரும்பைவிடப் பலமடங்கு உறுதியானதால் மெலிதாகக் கடைந்தாலும் தாங்கும். முழுச் சக்கரமும் ஒரே பொருள் என்பதால் வெப்பத்தில் சீராக விரியும்.

இரண்டாம் வகை அலுமினியம். எஃகின் அடர்த்தி 7.85 என்றால் அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மட்டுமே. எடை வெகுவாகக் குறையும். ஆனால் அலுமினியத்தின் மேல் கிளட்ச் தட்டு நேரடியாக உரசினால் அது அரிந்துபோகும். எனவே உரசும் முகத்தில் எஃகுத் தகடு ஒன்றைத் திருகாணிகளால் பொருத்தியிருப்பார்கள். தேய்ந்தால் அந்தத் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது வசதி. வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், தரமில்லாத தயாரிப்புகளில் தகடு தளர்வதும் வளைவதும் நேரும். நகரத்தில் ஓடும் காருக்கு மிதமான எடைக் குறைப்புள்ள எஃகுச் சக்கரமும், பந்தயத்துக்கு மட்டும் ஓடும் காருக்கு அலுமினியமும் பொருந்தும் என்பதே பொதுவான அனுபவம்.

உரசும் முகம் மெலிந்தால் வெப்பத்தைத் தாங்கும் திறனும் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறை கார் கிளம்பும்போதும் கிளட்சில் உண்டாகும் வெப்பத்தின் பெரும்பகுதியை ஃபிளைவீலும் பிரஷர் பிளேட்டும்தான் விழுங்குகின்றன. நீலம் பூத்த புள்ளிகளும் மயிரிழை விரிசல்களும் அந்த வெப்பத்தின் தடயங்கள்.

பழைய சக்கரத்தையே கடைந்தால் என்ன?

பலரும் கேட்கும் கேள்வி இது. புதிய சக்கரத்தின் விலையில் சிறு பகுதிக்கு, பக்கத்து லேத் பட்டறையில் வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கடைந்து எடையைக் குறைக்கலாம். துளைகள் போட்டும் குறைக்கலாம். இதில்தான் உயிராபத்து இருக்கிறது.

சுழலும் வளையத்தில் ஏற்படும் இழுவிசைத் தகைவு, பொருளின் அடர்த்தி × விளிம்பு வேகத்தின் இருமடி. 14 செ.மீ. ஆரச் சக்கரம் 7000 சுற்றுகளில் ஓடினால் விளிம்பு நொடிக்கு 103 மீட்டர் வேகத்தில் விரைகிறது. வார்ப்பிரும்பு வளையத்தில் அப்போது ஏறத்தாழ 76 மெகாபாஸ்கல் தகைவு. 9000 சுற்றுகளில் 125. சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பின் இழுவலிமை 200 முதல் 250 மெகாபாஸ்கல் என்ற அளவில்தான் இருக்கும். பாதுகாப்பாகத் தோன்றுகிறதா? ஒரு துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்குவரை பெருகும். 125ஐ மூன்றால் பெருக்கிப் பார்த்தால் விளங்கும். வெப்ப விரிசல் ஒன்று ஏற்கெனவே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வார்ப்பிரும்பு எஃகைப்போல் நீண்டு வளைந்து முன்னறிவிப்புத் தராது. உடைந்தால் ஒரேயடியாக உடையும்.

உடையும்போது விடுபடும் ஆற்றலையும் கணக்கிடலாம். 60 கிலோ எடையை 25 செ.மீ. ஆரத்தில் கொண்ட ஓர் ஆயில் எஞ்சின் சக்கரம், 650 சுற்றுகளில் சுமார் 8,700 ஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. 8 கிலோ கார் ஃபிளைவீல் 6000 சுற்றுகளில் சுமப்பது 15,500 ஜூல். வயலில் குழந்தைகளை அருகில் விடாமல் விரட்டுகிறோமே, அந்தப் பெரிய சக்கரத்தைவிட இந்தச் சிறிய சக்கரத்தில் ஆற்றல் அதிகம். அது ஓட்டுநரின் பாதத்துக்கு ஓரிரு அடி முன்னால், மெல்லிய அலுமினியக் கூட்டுக்குள் சுழல்கிறது.

அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பு, மாற்று ஃபிளைவீல்களுக்கும் கிளட்ச்சுகளுக்கும் 1.1 என்ற தர வரையறையை வைத்துள்ளது. அதன்படி சோதிக்கப்பட்ட சக்கரத்தில் அதற்கான முத்திரை இருக்கும். வாங்கும் எடை குறைந்த சக்கரத்தில் முதலில் தேடவேண்டியது இந்த முத்திரையையே. எடையைப் பிறகு பார்க்கலாம். இணையத்தில் பெயரில்லாமல் மலிவாக விற்கும் சக்கரங்களைத் தவிர்ப்பது நல்லது.

மாற்றவே கூடாத, மாற்ற இயலாத கார்கள்

டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் கார்களில் கனமான ஃபிளைவீலே கிடையாது. அங்கே இருப்பது மெல்லிய தகடு. குறைக்க ஒன்றுமில்லை.

1980களின் நடுவில் ஐரோப்பாவில் அறிமுகமாகி, இன்று டீசல் கார்களிலும் விலையுயர்ந்த பெட்ரோல் கார்களிலும் காணப்படுவது இரட்டை நிறை ஃபிளைவீல். ஒன்றுக்கொன்று வில் வடிவச் சுருள்களால் இணைந்த இரண்டு சக்கரங்கள் அதில் உள்ளன. எஞ்சினின் அதிர்வு கியர் பெட்டியை எட்டாமல் அச்சுருள்கள் தடுக்கின்றன. இதைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சக்கரம் பொருத்தினால் அந்தத் தடுப்பு போய்விடும். சுருள்கள் உள்ள கிளட்ச் தட்டைச் சேர்த்து மாற்றுவது கட்டாயம். அப்போதும் கியர் பெட்டிச் சத்தம் முழுவதும் போகாது. குறைந்த சுற்றுகளில் பெருந்திருப்பு விசை தரும் டீசல் காருக்கு இந்த மாற்றம் நன்மையைவிடத் தீமையே அதிகம்.

சில எஞ்சின்களில் ஃபிளைவீல் சமநிலையின் ஒரு பகுதியாகவே வடிவமைக்கப்பட்டிருக்கும். மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் அத்தகையது. அதன் ஃபிளைவீலிலேயே எதிர்எடை வார்க்கப்பட்டிருப்பதால், எடை குறைந்த சக்கரத்தைப் பொருத்துபவர் எதிர்எடையைத் தனியாக வாங்கிப் பொருத்தவேண்டும். வேறு சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃபிளைவீலில்தான் இருக்கும். பற்களின் எண்ணிக்கையோ இடமோ மாறினால் கார் கிளம்பவே கிளம்பாது.

எவ்வளவு குறைக்கலாம்?

தினமும் ஓட்டும் காருக்கு, நிலைமத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைப்பது பலரும் சமாளிக்கும் அளவு. பாதிக்கு மேல் குறைப்பது பந்தயக் காருக்கே உரியது. விற்பவர் எடையை மட்டும் சொன்னால் நிலைமத் திருப்புத்திறனைக் கேட்கவேண்டும். சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதா என்பதை யோசிக்கவும் வேண்டும். கிளட்ச் தட்டும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து சுழல்வதால் அவற்றின் எடையும் கணக்கில் சேரும். கிளட்ச் தேய்ந்து எப்படியும் கியர் பெட்டியை இறக்கும் நேரத்தில் ஃபிளைவீலையும் மாற்றினால் கூலி மிச்சம். அதற்காகவே தனியாகப் பெட்டியை இறக்குவது வீண் செலவு.

பொருத்தும்போது

நல்ல சக்கரமும் தவறாகப் பொருத்தினால் கெடும். பொருத்துமுன் கிராங்க் முனையை எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைக்கவேண்டும். பல கார்களில் ஃபிளைவீல் திருகாணிகள் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை. அவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. டார்க் ரெஞ்ச் கொண்டு, கார் நிறுவனம் சொன்ன அளவுக்கு, எதிரெதிர் வரிசையில் முறுக்கவேண்டும். பிறகு டயல் கேஜ் வைத்து முகம் தள்ளாடுகிறதா என்று பார்க்கவேண்டும். கையோடு கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுவது சிக்கனம். சீல் கசிந்தால் புதிய கிளட்ச் தட்டு எண்ணெயில் ஊறிப் பாழாகும்.

சமநிலையை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். 14 செ.மீ. ஆரத்தில் 10 கிராம் மட்டும் ஒருபக்கம் மிகுந்திருந்தால், 7000 சுற்றுகளில் அது ஏறத்தாழ 750 நியூட்டன் விசையோடு கிராங்கை இழுக்கும். ஒரு வளர்ந்த ஆள் அச்சில் தொங்கிக்கொண்டு சுற்றுவதுபோல. ஆகவே ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்து மாட்டியே சமநிலை பார்த்து, இரண்டும் இணையும் இடத்தில் அடையாளக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கழற்றி மாட்டும்போது அந்தக் கோடுகள் நேராக வரவேண்டும்.

மாட்டியபின் சில நூறு கிலோமீட்டர்களுக்கு எஞ்சினை உச்சச் சுற்றுகளுக்கு விரட்டாமல், கிளட்ச் தட்டும் புதிய முகமும் ஒன்றுக்கொன்று படியும்படி நிதானமாக ஓட்டவேண்டும்.

சட்டம், உத்தரவாதம், காப்பீடு

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் தந்ததிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஃபிளைவீலுக்கென்று பதிவுச் சான்றில் தனிக் கட்டம் இல்லை. ஆனால் உத்தரவாதக் காலத்தில் உள்ள காரில் இதை மாற்றினால், எஞ்சின் அல்லது கியர் பெட்டிப் பழுதுக்கான உரிமையை நிறுவனம் மறுக்க இடம் உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு. விபத்துக்குப் பிறகு மாற்றம் தெரியவந்தால் இழப்பீடு கேட்கும் இடத்தில் வாதாட வேண்டியிருக்கும்.

கழற்றிய பழைய ஃபிளைவீலை இரும்புக்கடையில் போட்டுவிடக் கூடாது. எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றி, விரிசல் விழாதபடி படுக்கை வாக்கில் வைத்திருக்கவேண்டும். காரை விற்கும்போதோ, நகர நெரிசலில் கால் வலித்துப் பழையதே போதும் என்று தோன்றும்போதோ, அது தேவைப்படும்.